ஒரு முழம் தாண்டாத மின்சாரம்

புவனகிரி கடைத்தெருவில் ஸ்ரீமதியின் கடைக்குப் போர்டு கிடையாது. வாசலில் கிடக்கும் கரிந்த மோட்டார்கள்தான் அடையாளம். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, புதிதாகச் செம்புக்கம்பிச் சுருளான காயில் கட்டித் தருவது அவர் தொழில்.

போன சித்திரையில் ஒருநாள், பொழுது சாயும் நேரம், கணவர் கார்த்திகேசன் மொபெட் ஓட்ட, பின்னால் ஒரு டியூப் லைட்டைப் பிடித்தபடி ஸ்ரீமதி உட்கார்ந்து வந்தார். வயல்வெளியில் உயர் அழுத்தக் கம்பிகளுக்குக் கீழே வந்ததும் கையிலிருந்த டியூப் மங்கலாக எரிந்தது.

"மாமா, வண்டிய நிறுத்து! ஒயரே மாட்டல, எரியுது பாரு."

"அய்யய்யோ, கீழ போடுடி அத!"

ஸ்ரீமதி போடவில்லை. இறங்கி வயலுக்குள் நடந்தார். கொஞ்ச தூரத்தில் டியூப் அணைந்தது. திரும்பி வந்தார், எரிந்தது. நாலு தடவை நடந்து பார்த்தார்.

கடலோரக் கிள்ளை ஊர் மீனவர் ராஜாமணி அவருக்குப் பழக்கம். உப்பங்கழி நடுவே ஒரு திட்டில் ராஜாமணிக்கு வலைக்கொட்டகை இருந்தது; அங்கே மின்சாரம் இல்லை. கரையிலிருந்து காற்றிலேயே அனுப்பினால் என்ன? சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் வினோதினியிடம் ஸ்ரீமதி போய்க் கேட்டார்.

"தூரம் போகப் போக கரண்ட் பரவிடும்க்கா. அனுப்புறதுல துளிதான் போய்ச் சேரும். பெரிய பெரிய ஆளுங்களே இன்னும் மோதிக்கிட்டு இருக்காங்க."

"கிட்டக்கன்னா?"

"கிட்டக்க நல்லா வரும். அனுப்புற காயிலும் வாங்குற காயிலும் ஒரே வேகத்துல துடிக்கணும், அவ்ளோதான்."

காயில் கட்டுவதை ஸ்ரீமதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். ஆடி பிறந்தபோது, ஒரு காயிலில் மின்சாரம் கொடுத்தால் தள்ளி வைத்த இன்னொரு காயிலில் சின்ன பல்பு எரிந்தது. ஒரு சாண் தூரத்தில் பளிச்சென்று, ஒரு முழத்தில் மினுக்கென்று. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பார்க்க வந்த ராஜாமணி சிரித்துவிட்டார். "திட்டுக்கு வரும்னு சொன்னியே தங்கச்சி, டேபிளயே தாண்டல!"

ஸ்ரீமதிக்கு முகம் சுருங்கிவிட்டது. பேச்சை மாற்ற, அவர் கையிலிருந்த, தலையில் மாட்டும் விளக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"சார்ஜ் போடுற ஓட்டைல உப்புத்தண்ணி பூந்துடுது. மூணு மாசத்துக்கு ஒரு வெளக்கு போவுது."

விளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த ஸ்ரீமதி, "அண்ணே, ஓட்டையே இல்லாம பண்ணிட்டா?" என்றார்.

உள்ளே தட்டையாக ஒரு காயிலை வைத்து, ஓட்டையைப் பசை ஊற்றி அடைத்தார். கீழே வைக்க ஒரு பலகை, அதற்குள் இன்னொரு காயில். பலகை மேல் விளக்கை வைத்ததும் சிவப்புப் புள்ளி எரிந்து சார்ஜ் ஏறியது.

ராஜாமணி விளக்கை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, மறுபடி பலகையில் வைத்தார். புள்ளி எரிந்தது. இன்னொரு தடவை முக்கினார்.

இப்போது கிள்ளையில் பதினோரு பேரிடம் அந்த விளக்கு இருக்கிறது. ஸ்ரீமதி ஒன்றரை முழத்துக்கு முயன்றுகொண்டிருக்கிறார்.