அடைக்கு வைத்த முட்டை

நாட்டின் முட்டை உற்பத்தி வருஷா வருஷம் ஏறுகிறதாம். டிவியில் ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சொன்னார். ஏறட்டும், எனக்கென்ன வந்தது? ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் கோட்டைக்குப்பத்தில் கூவுவதற்கு ஒரு சேவல் இல்லை. கோழி வளர்ப்பதெல்லாம் நாமக்கல் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. இங்கே எல்லா வீட்டிலும் லாரியில் வரும் பண்ணை முட்டைதான்.

போன மழையில் வந்த கழிச்சல் நோயில் என் கோழிகள் செத்தன. ஒரு கருப்புப் பெட்டை மட்டும் தப்பியது. கோடையில் அது அடைக்கு உட்கார்ந்தது. சேவல் சேராமல் அது இட்ட முட்டை பொரிக்காது. இந்த அடை தவறினால் என் வீட்டில் கோழி என்ற பேச்சே முடிந்தது. அதனால் நாட்டு முட்டை கேட்டு முனைக் கடைக்காரனிடம் போனேன்.

"திருப்பாலைவனத்துலேர்ந்து வந்துதுக்கா. அசல் நாட்டு முட்ட" என்று பழுப்பாக, சின்னதாகப் பொறுக்கிக் கொடுத்தான்.

கூடையில் மணல் பரப்பி முட்டைகளை வைத்தேன். இடி இடித்தால் கரு கலங்கக்கூடாது என்று இரும்பு வைப்பது எங்கள் வழக்கம். படகில் கழன்ற போல்ட் ஒன்றைப் போட்டேன்.

சில நாள் கழித்து என் வீட்டுக்காரர், நண்டுக்குப் போகும்போது நெற்றியில் கட்டும் லைட்டை அடித்து கரு பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தார்.

"இன்னாமே, ஒண்ணுலகூட நரம்பு ஓடல. எல்லாம் கூமுட்ட."

சந்தேகம் வந்து ஒன்றை ஈர விரலால் தேய்த்தேன். பழுப்பு கையோடு வந்தது. பாவி, சேவலே சேராத வெள்ளைப் பண்ணை முட்டையை டீத்தண்ணீரில் முக்கியிருக்கிறான்!

முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"யோவ், இதுவாய்யா நாட்டு முட்ட?"

"இன்னாக்கா கத்துற? துன்றதுக்குக் கேக்குறனு நெனச்சேன். அடைக்கு வைக்க இப்போ யாரு முட்ட வாங்குறா?"

தின்கிறவனை மட்டும் ஏமாற்றலாமா? வெட்கங்கெட்டவன், சிரித்துக்கொண்டே வாசலில் கிடந்த மூட்டையைத் தட்டினான். நாங்கள் காயவைக்கும் பொடிமீனைக் கோழித் தீவனத்துக்கு வாங்கி லாரியில் ஏற்றுகிறவனும் அவன்தான்.

"நம்ம ஏரி மீனத் துன்னுட்டுதான் அந்த நாமக்கல் கோழி முட்ட போடுது. அப்போ இதுவும் நம்ம ஊரு முட்டதானக்கா?"

அந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மடியை அவன் மேசைமேல் அவிழ்த்துக் கொட்டினேன். எல்லாம் உடைந்து கல்லாப்பெட்டி வரை வழிந்தது. "நீயே துன்னு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாசலில் காய்ந்த பொடிமீனில் ஒரு பிடி அள்ளிக் கோழி முன்னால் போட்டேன். அது ஏறிட்டும் பார்க்கவில்லை. கூடையில் மிச்சமிருந்த போல்ட்டை அலகால் உருட்டி உருட்டி வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தது.