அம்மாவுக்கு ஒரு சிவப்பு அம்பு

ஏலகிரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் என் மகள் ஜெனி என்னிடம் ஒரு யோசனை சொன்னாள். மிக மரியாதையாக.

"அம்மா, நீ ஃபேக்டரில வேலை செஞ்சு டயர்டா இருப்ப. வீட்லயே ரெஸ்ட் எடு. நாங்க மூணு பேரும் போய்ட்டு வந்துர்றோம்."

அவளுக்குப் பன்னிரண்டு வயது. பின்னால் நின்ற தம்பி ஆல்வின் – ஏழு வயது – வேகவேகமாகத் தலையாட்டினான். என் கணவர் பள்ளி ஆசிரியர். அந்த நேரம் பார்த்து அவருக்குப் பையில் எதையோ தேட வேண்டியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளைகளே லீவு கொடுத்து வீட்டில் உட்காரவைக்கிற அம்மா ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? சரி, வீம்புக்காகவே கிளம்பினேன்.

வாரா வாரம் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் சூப்பர்வைசர். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும்... முடிந்து வரும் ஷூவில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. தோலில் சுருக்கம், தையலில் கோணல், பசைக் கறை – எங்கே குறையோ அங்கே சிவப்பு அம்பு போட்ட குட்டி ஸ்டிக்கர் ஒட்டுவோம். என்ன குறை என்று வாயாலும் சொல்ல வேண்டும். சரிசெய்ய முடிந்தால் ரீவொர்க். தேறாது என்றால் ரிஜெக்ட்.

இந்த வேலையில் ஒரே ஒரு சிக்கல். சாயங்காலம் கிளம்பும்போது கண்ணைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வர முடியாது.

லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் பெட்ஷீட்டில் கறை என்றேன். குழாய் சொட்டுகிறது என்றேன். கதவு தரையில் இடிக்கிறது என்றேன். ஏரிக்குப் போனால், லைஃப் ஜாக்கெட்டில் தையல் விட்டிருக்கிறது என்றேன். நியாயமான புகார்தானே? நான் படகுக்காரரிடம் அதை விளக்கி முடிப்பதற்குள் மூவரும் படகேறிப் போயிருந்தார்கள். கரையில் நானும் அந்த ஜாக்கெட்டும் மட்டும் இருந்தோம்.

மறுநாள் காலையில் கண் விழித்தால், அறை முழுக்கச் சிவப்பு அம்பு. என் ஹேண்ட்பேகில் கிடந்த ஸ்டிக்கர் சுருள் ஆல்வின் கைக்குப் போயிருக்கிறது. கறைக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் வழுக்கைக்கு ஒன்று. வராந்தாவையும் விடவில்லை, ரிசப்ஷனில் நின்றுபோயிருந்த கடிகாரத்தையும் விடவில்லை.

நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தபோது லாட்ஜ் மேனேஜர் வந்து நின்றார். வேறு ஊராக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். எங்கள் பக்கத்தில் ஷூ கம்பெனியில் கொஞ்ச காலமாவது இருந்திராத ஆளைப் பார்ப்பது கஷ்டம். இவரும் பல வருஷம் அங்கே லைனில் நின்றவராம். சிவப்பு அம்பைப் பார்த்ததும் பழைய பயம் அப்படியே எழுந்து வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் மதியத்துக்குள் ரீவொர்க் செய்துவிடுவதாகச் சொன்னார்.

பெட்ஷீட் மாறியது. கதவை இழைக்க ஆசாரி வந்தார். நான் சும்மா ஊர் சுற்ற வந்தவள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மேனேஜர் குரலைத் தாழ்த்தி, வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்கும் பையர் அனுப்பிய ஆளா என்று கேட்டார்.

டிபன் சாப்பிடும்போது அவரே சாம்பார் வாளியோடு எங்கள் டேபிளில் நின்றார். அப்போதுதான் ஆல்வின் எழுந்து வந்து, என் நெற்றியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினான்.

"இன்னா டிஃபெக்ட்?" என்றேன். பழக்கதோஷம்.

"சிரிக்கவே மாட்டேன்ற."

கணவர் இட்லியைக் கூர்ந்து ஆராய ஆரம்பித்தார். ஜெனி தட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை. மேனேஜர் மட்டும் தொழில் சுத்தமாகக் கேட்டார், "தம்பி, ரிஜெக்டா, ரீவொர்க்கா?"

ஆல்வின் அக்காவைப் பார்த்தான். அக்கா யோசித்தாள்... யோசித்துக்கொண்டே இருந்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? என் டேபிள் முன்னால் தினமும் ஷூவை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்களுக்கு மனசுக்குள் என்ன ஓடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"ரீவொர்க்," என்றாள் ஜெனி.

கண் கலங்கிவிட்டது. சாம்பார் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். மேனேஜர் உடனே சாம்பாரையும் ரீவொர்க்குக்கு அனுப்பினார்.

என் ரீவொர்க் நடந்த இடம், லாட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சிறுவர் பூங்கா. அங்கே வளைந்து இறங்கும் மஞ்சள் நிறச் சறுக்குக் குழாய் ஒன்று. பெரியவர்கள் ஏறக் கூடாது என்று அதன் மேல் எழுதியிருந்தது, எழுத்துப்பிழையோடு. நான் வாயே திறக்கவில்லை.

ஏறினேன், உட்கார்ந்தேன், வழுக்கினேன். பாதி வரைக்கும் பிரமாதம். வளைவில் இடுப்பு இறுகி நின்றுவிட்டது. நான் இறங்கிவிட்டேன் என்று நினைத்து ஆல்வினும் மேலிருந்து சறுக்கி வந்து, இரண்டு காலாலும் என் முதுகில் மோதினான். இப்போது உள்ளே இரண்டு பேர்.

நிதானமாக மூச்சு விடும்படி கீழேயிருந்து கணவர் பாடம் எடுத்தார். அவரை ஒதுக்கிவிட்டு, சத்தம் கேட்டு ஓடி வந்த மேனேஜரின் குரல் கேட்டது. "சார், இது கால் அச்சு ஷூக்குள்ள சிக்கின கேஸ். பவுடர் வேணும்."

கம்பெனியில் ஷூவுக்கு வடிவம் கொடுக்க உள்ளே வைக்கும் கால் அச்சு சிக்காமல் உருவிக்கொண்டு வரப் பவுடர் தூவுவார்கள். ஜெனி அறைக்கு ஓடிப்போய் என் முகப் பவுடரை எடுத்து வந்தாள். டப்பாவையே கீழிருந்து பீய்ச்சினாள். குழாய் முழுக்க வெள்ளைப் புகை. ஆல்வின் தும்மினான். நான் தும்மினேன். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்... நிறுத்தவே முடியவில்லை. சிரிக்கச் சிரிக்க வயிறு உப்பி இன்னும் இறுகியது.

"அம்மா, சிரிக்காதம்மா," என்று பின்னாலிருந்து கெஞ்சினான் ஆல்வின்.

ஒரு காலைக் கணவரும் ஒரு காலை மேனேஜரும் பிடித்து இழுத்தார்கள். தலை முதல் கால் வரை மாவில் புரட்டிய மாதிரி வெளியே வந்து விழுந்தேன். என் மேல் ஆல்வின் விழுந்தான். மேனேஜர் என்னைச் சுற்றி வந்து பார்த்து, டேமேஜ் எதுவும் இல்லை என்றார்.

ஜெனி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தவழ்ந்து என் பக்கத்தில் வந்தாள்.

"வலிக்குதாம்மா?"

இல்லை என்றேன்.

"அப்போ இன்னொரு வாட்டி மாட்டிக்கோ. இந்த வாட்டி நானும் உன்கூட வர்றேன்."

அடுத்த டப்பா பவுடருக்கு மேனேஜர் ஏற்கெனவே ஆள் அனுப்பியிருந்தார்.