நான் கொடுக்காத நற்சாட்சி

யாரையும் எடுத்த எடுப்பில் நம்பும் பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது. பிறவிக் குணம் பாதி, உத்தியோகம் பாதி. மதுரை ரயில் நிலையத்தில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். துணி மூட்டை என்று எழுதிக் கொடுப்பான்; கையால் அழுத்திப் பார்த்தால் உள்ளே பித்தளைக் குடம் இடிக்கும். மாம்பழக் கூடை என்பான். முகர்ந்து பார்த்தால் கருவாடு. இப்படியே பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் அழுத்தியும் முகர்ந்தும் பார்க்கிறவனாகிவிட்டேன். என் மனைவி சொல்வாள்: "நீங்க பரலோகத்துக்கே போனாலும், இது நெசமாவே பரலோகந்தானான்னு வாசல்ல நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுத்தேன் உள்ள போவீக."

அப்படிப்பட்டவனைத்தான் எங்கள் கிறிஸ்தவ சபையில் போதகருக்குத் துணையாக நிற்கும் மூப்பராக வைத்தார்கள். அதிலும் வேவு பார்க்கிற மூப்பராக. வேவு என்று யாரும் சொல்வதில்லை, 'நடத்தை விசாரிப்பது' என்று சொல்வார்கள். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவருக்கு எங்கள் சபையில் உடனே கொடுத்துவிட மாட்டார்கள். ஆறு மாதம் ஒரு மூப்பர் அவரைக் கவனிக்க வேண்டும். நெற்றியில் திருநீறு இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறாரா, பழைய திருவிழாக்களில் தலை காட்டுகிறாரா என்றெல்லாம் பார்த்துவிட்டு, கெடு முடிந்ததும் கமிட்டியில் எழுந்து நின்று, "இவரைக் குறித்து நற்சாட்சி உண்டு" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் போதகர் தண்ணீரைத் தொடமாட்டார்.

இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் என்னிடம் ஒருவரை ஒப்படைத்தார்கள். சோழவந்தான் பக்கத்துக்காரர். அங்கே கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளி, கட்டுகளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து சிம்மக்கல் கடைகளில் போடுவார். நாற்பது வயதிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. அப்போது அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் வருகிறது.

அவர் மனைவி ஏற்கெனவே எங்கள் சபையைச் சேர்ந்தவள். நெஞ்சு நோயோடு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கேயே வேதத்தைக் கேட்டு ஞானஸ்நானம் எடுத்தவள். எங்கள் கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். ஆனால் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து வாங்க மட்டும் புருஷனும் மனைவியும் சேர்ந்து போய் முழங்காலிட வேண்டும் என்பது வழக்கம். இவள் தனியாகப் போவாள். ஞானஸ்நானம் எடுக்காதவருக்கு அது கிடையாது என்பதால் அவர் கடைசிப் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவையாவது அவளோடு போய் முழங்காலிட வேண்டும், அதற்காகத்தான் ஞானஸ்நானம் கேட்கிறேன் என்று போதகரிடம் அவரே சொல்லியிருந்தார்.

எனக்கு அதிலேயே சந்தேகம். மனைவிக்காக வருகிறவன் கடவுளுக்காக வருகிறவனா?

கவனிக்கத் தொடங்கினேன். நெற்றி சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருக்கத்தானே செய்யும், நான் பார்ப்பது தெரியுமே என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு தவறாமல் வந்தார். ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலம் தொடங்கியதிலிருந்து ஒரு புதுப் பழக்கம். பிரசங்கம் முடிகிறவரைக்கும் கண் கொட்டாமல் கேட்பார். போதகர் ஆமென் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். காணிக்கைக்கு இருப்பதில்லை, ஆசீர்வாதத்துக்கும் இருப்பதில்லை. அப்படி என்ன தலை போகிற காரியம்?

ஒரு ஞாயிறு நானும் எழுந்து பின்னாலேயே போனேன். ஆசீர்வாதம் வாங்காமல் போகிறவனைப் பிடிக்க ஆசீர்வாதம் வாங்காமல் போகிறோமே என்று அன்றைக்குத் தோன்றவில்லை. மனுஷன் நடக்கவில்லை, ஓடினார். சிம்மக்கல்லில் பூக்கடைக் கூட்டத்துக்குள் நுழைந்தவரைத் தூண் மறைவில் நின்று தேடினேன். ஆளைக் காணோம். சந்துக்குள் சீட்டாடுகிற இடம் ஒன்று உண்டு. அங்கேதான் போயிருப்பான் என்று நானே முடிவு கட்டி மனதில் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் நாள். சுற்றுவட்டாரம் முழுக்க வண்டி கட்டிக்கொண்டு வந்து வைகை மணலில் இறங்கிவிட்டது. நான் அங்கே எதற்குப் போனேன் என்று கேட்பீர்கள். பார்க்கத்தான் போனேன், அவர் வருகிறாரா என்று பார்க்க! மூப்பருக்கு வேலை அது.

வந்திருந்தார். வடகரைப் பக்கம், நல்ல வெயிலில், மணலில் ஒரு பெரிய பானையைப் புதைத்து வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் கோவிந்தா முழக்கம். எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம். ஐந்து மாதமாகக் கை நழுவிப் போன ஆள் அகப்பட்டுவிட்டான் அல்லவா? அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள்தான் அன்றைக்கு நீர்மோரும் பானகமும் தண்ணீரும் கொடுப்பார்கள் என்பது மதுரையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை, இங்கேயும் ஒரு நேர்த்திக்கடன் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் சொல்லி வைத்திருக்கிறான்! பத்தடி தூரத்தில் நின்றேன். கிட்டே போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான், எதற்கு அவன் பாவத்தைக் கூட்ட வேண்டும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று ஞானஸ்நானம் என்று பேச்சு இருந்தது. அதற்கு முந்தைய வாரம் கமிட்டி கூடியது. நான் எழுந்து நின்று நற்சாட்சி இல்லை என்றேன். ஆசீர்வாதத்துக்கு முன் ஓடுவதையும், ஆற்று மணலையும், பானையையும் வரிசையாகச் சொன்னேன். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீர்களா, மூப்பரே?" என்றார். "கண்ணால் கண்டதைக் கேட்க என்ன இருக்கிறது, போதகரையா?" என்றேன். இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று எழுதினார்கள். அவரிடம் போதகரே சொன்னார். "சரிங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். அது கூட எனக்குச் சந்தேகமாக இருந்தது. குற்றமில்லாதவன் இப்படியா சும்மா போவான்?

ஆனி மாதம், மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த அவர் மனைவிக்கு ரொம்ப முடியவில்லை என்று தெரிந்தது. மூப்பர் போய்ப் பார்த்து ஜெபம் பண்ண வேண்டும். பெண்கள் வார்டு என்பதால் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தாள். ஜெபம் முடிந்ததும் அவளாகவே பேசினாள்.

"அவரு கோயில்ல பாதியில எந்திரிச்சு வாராருன்னு வருத்தப்பட்டீகளாம்யா. லெந்து தொடங்குனதுல இருந்து நான் இங்கதேன் கெடக்கேன். ஞாயித்துக்கெழமைன்னா பதினோரு மணிக்கு மேல ஆம்பளைகள உள்ள விடமாட்டாக. பிரசங்கம் மறந்து போறதுக்குள்ள எனக்கு வந்து ஒப்பிக்கணும்ல. அதுக்குத்தேன் ஓடி வருவாரு."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள்.

"ஒரு வாரம், கடவுளப் பாத்து அவரு மாதிரியே நடக்கணும்னு போதகரையா சொன்னாகளாம். 'அவரு எப்பிடி நடக்குறாருன்னு நமக்கு எப்பிடித் தெரியும்'னு எங்கிட்டக் கேக்குறாரு. எனக்கு மட்டும் என்னய்யா தெரியும்? 'மழை பெய்யிறப்ப இது இன்னாரு கொல்லைன்னு பாத்தா பெய்யுது'ன்னேன். அம்புட்டுத்தேன். அதப் பிடிச்சுக்கிட்டாரு. அம்புட்டுச் சனம் வெயில்ல வருமே, நம்ம போயித் தண்ணி ஊத்துவோம்னு கெளம்பிட்டாரு."

பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இனிமே கோயிலுக்கு நடந்து வரமாட்டேன்மா. போதகரையா இங்கனக்குள்ளயே அவருக்கு ஞானஸ்நானம் குடுத்து, ரெண்டு பேருக்கும் திருவிருந்து குடுத்தாகன்னா, ஒருவாட்டியாவது சேந்து வாங்கிருவோம்."

நற்சாட்சி இருந்தால் போதகர் மறுநாளே செய்திருப்பார். வீட்டுப் படியேறும்போது என் மனைவி, "இப்பவே போதகரையாகிட்டப் போயிச் சொல்லுங்க" என்றாள்.

"விசாரிக்காமல் எப்படிச் சொல்வது?"

"அந்தப் பொம்பளை பொய் சொல்ற மாதிரியா இருந்துச்சு?"

பொய் சொல்கிற யாரும் பொய் சொல்கிற மாதிரி இருப்பதில்லை என்றேன். இருபத்தாறு வருஷ பார்சல் ஆபீஸ் அனுபவம் பேசியது. சாகக் கிடக்கிறவள் புருஷனுக்காக நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லமாட்டாளா? அது செவ்வாய்க்கிழமை. எனக்கு லீவு சனிக்கிழமைதான். சனிக்கிழமை காலை ரயிலில் சோழவந்தானுக்குப் போனேன்.

அவர் வேலை பார்த்த கொடிக்காலைத் தேடிப் பிடித்தேன். அவர் அங்கே இல்லை. வியாழக்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியிலேயே இருப்பதாகச் சொன்னார்கள். மேற்பார்வை பார்க்கிற ஆள் ஒருவர் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். என் கோட்டையும் குடையையும் பார்த்துவிட்டு அவரும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். திருவிழாவில் தண்ணீர் ஊற்றிய கதையைக் கேட்டேன்.

"அவனா? அவென் வேதக்காரனாப் போயிட்டான்லண்ணே. ஆத்துல அம்புட்டுப் பேரும் கோவிந்தா போடுறாக, இவென் வாயவே தொறக்கல. சாமி இருந்த பக்கங்கூடத் திரும்பல. சாமி கும்பிடாதவனுக்கு இங்க என்ன சோலின்னு எங்களுக்கு ஒரே சந்தேகம். தண்ணில எதையாச்சும் மந்திரிச்சு எங்கள வேதத்துல சேக்கப் பாக்குறானோன்னு எங்க ஊர்க்காரக ஒருத்தரும் குடிக்கல. வெளியூர்ச் சனந்தேன் குடிச்சுச்சு. நான் மட்டும் தாங்கமாட்டாமக் கடைசியில வாங்கிக் குடிச்சேன்."

"குடித்து என்ன ஆயிற்று?"

"என்ன ஆகும்? தாகம் போச்சு."

ரயிலில் திரும்பும்போது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. ஒரே பானை; அந்தப் பக்கம் அவர்கள் சந்தேகப்பட்டார்கள், இந்தப் பக்கம் நான். போதகரிடம் என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். இன்று சாயங்காலமே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டி பிடித்து, வழியில் போதகரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். போதகர் மடியில் திருவிருந்துப் பெட்டி இருந்தது.

வார்டு வாசலில் அவளுடைய மெத்தையை வெயிலில் போட்டிருந்தார்கள். விடிகாலையிலேயே முடிந்துவிட்டதாம். அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். போதகரைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுக் கும்பிட்டார். என்னையும் பார்த்து அதேபோலத்தான் கும்பிட்டார். நான் கூப்பிய கையோடு நின்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கமிட்டி மறுபடி கூடியது; இந்தத் தடவை அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஆனி மாதமே கொடுத்துவிடலாம் என்று போதகர் சொல்லியும், அவர்தான் கெடு முடியட்டும் என்று காத்திருந்தார். அந்த மாதங்களில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்பதுதான் நிஜம். கோவிலில் எதிர்ப்பட்டால் ஓரமாக விலகிப் போய்விடுவேன். உள்ளுக்குள் என்மேல் ஆத்திரம் வைத்திருக்கிறார், ஒரு நாள் நாலு பேர் முன்னால் கேட்கப்போகிறார் என்று பயந்துகொண்டே இருந்தேன். என் சந்தேகம் அப்போதும் என்னை விடவில்லை.

கமிட்டியில் எழுந்து, "நற்சாட்சி உண்டு" என்றேன். போன தடவை நான் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். போதகர் அவரைப் பார்த்து, "மூப்பர்மேல் உமக்கு மனத்தாங்கல் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடும். மனதில் வைத்துக்கொண்டு திருவிருந்துக்கு வரக்கூடாது" என்றார்.

"இல்லீங்கய்யா. ஐயா எம்பின்னாடி வந்தது அம்புட்டும் எனக்குத் தெரியும். சிம்மக்கல்லுல தூணுக்குப் பின்னாடி நின்னாக, பாத்தேன். ஆத்துல நின்னாக, பாத்தேன். சோழவந்தானுக்கு வந்துட்டுப் போனதையும் சொன்னாக." கொஞ்சம் யோசித்தார். "கடவுள் மாதிரி நடக்கணும்னு போதகரையா சொன்னீக. கடவுளு நம்மள விடாமப் பாத்துக்கிட்டே இருக்காருன்னும் சொன்னீக. சரி, ஐயாவுக்கு வாய்ச்சது அந்த வேலை போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

கமிட்டியில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். குத்திக் காட்டுகிறாரோ என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். அவர் துண்டை மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"ஆனா கடவுளு கிட்டக்கயும் வருவாருன்னு அவ சொல்லுவா."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. போதகர் ஜெபம் பண்ணி முடித்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் காலை அவருக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. திருவிருந்துக்கு அவர் தனியாகப் போய் முழங்காலிட்டார். அவருக்கு அடுத்து நான் என் மனைவியோடு போனேன்.