டார்ச்சு வெளிச்சத்தில் தெரிந்த உண்மை

மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சி நடந்த சமயம். திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், பால் எடுக்க மரம் சீவும் பால்மரம் வெட்டு வேலையில் இருந்தேன். மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். அதில் என் பெயரும் இருந்தது. மறுநாள் லாரி வரும் என்றார்கள்.

அன்று காலை வேலையில் இருக்கும்போதே இடது கண் சட்டென்று இருண்டுபோனது. வலியே இல்லை. முகத்தருகே கையை ஆட்டினால் நிழல்தான் அசைந்தது. மனைவி பதறிப்போய்த் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

அங்கே வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் என் வலது கண்ணைப் பொத்தி, "எத்தனை விரலு, தம்பி?" என்று கேட்டார். தெரியவில்லை. கண்ணுக்குள் பார்க்கும் சிறு கருவியை வைத்து உற்றுப் பார்த்தார்.

"உள்ளுக்கு ரத்தக்குழாய் அடைச்சிருச்சு. கண்ணுக்குப் பின்னால எல்லாம் வெளுத்துக் கெடக்கு" என்றார். மூடிய இமையை அழுத்தியும் விட்டும் வெகுநேரம் முயன்றார். பார்வை திரும்பவில்லை.

மறுநாள் லாரியோடு வந்த ஜப்பான் அதிகாரியிடம் கண் தெரியவில்லை என்று கெஞ்சினேன். வெளியே பார்க்கக் கண் நன்றாகத்தானே இருந்தது!

"போஹோங்!" என்று மலாயில் கத்தினான். பொய்யாம். கன்னத்தில் ஓர் அறை.

டிரஸ்ஸர் ஓடிவந்து குறுக்கே நின்றார். அவருக்கும் விழுந்தது அறை. கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியைக்கூட எடுக்காமல், என்னைக் கொட்டகை நிழலுக்கு இழுத்துப் போய் டார்ச்சை ஏற்றினார். பேட்டரி கிடைக்காத காலத்தில் அவர் பொத்திவைத்திருந்த டார்ச்சு அது. வலது கண்ணில் வெளிச்சம் பட்டதும் கருமணி சுருங்கியது. இடது கண்ணில் பட்டபோது சுருங்கவே இல்லை. அதிகாரியைக் குனிந்து பார்க்கச் சொல்லி, மூன்று முறை மாற்றி மாற்றிக் காட்டினார்.

"ஆளு நடிக்கலாம் துவான், கண்ணுப் பாப்பா நடிக்காது" என்று அதிகாரியிடம் மலாயில் சொன்னார்.

அதிகாரி நிமிர்ந்து பட்டியலில் இருந்த என் பெயரை அடித்தான். என் மனைவி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அந்த லாரியில் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. இடது கண்ணும் கடைசிவரை தெளியவில்லை. ஆனாலும் பிறந்த மகளை ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பூரித்தேன். இன்றும் யாராவது "எனக்கு முடியலை" என்றால், பொய்யாக இருக்குமோ என்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒருவர் என்னை நம்பி அடி வாங்கியதால்தான் நான் உயிரோடிருக்கிறேன்.