ராகு காலத்தில் பிடித்த சுவர்

நண்பர்களே, இன்று அகரம் கிராமத்தில் ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டேன். வீடு இன்னும் கட்டி முடியவில்லை.

உள்ளே தேங்காய் நார் அடைத்த சுவர்ப்பலகைகளை நிறுத்தி, ஏழைகளுக்கு அரை நாளில் வீடு கட்டிக் காட்டுவதாக நான்தான் ஊரைக் கூட்டியிருந்தேன். மூன்று பக்கமும் நின்றுவிட்டது. கதவு வைத்த நாலாவது பலகையை மாட்டினால்தான் மற்றவை விழாமல் நிற்கும். முட்டுக் கம்பு வேண்டாமென்று சொன்னதும் நானே.

கொத்தனார் மணி என்ன என்று கேட்டார். பத்தரை என்றேன். "வெள்ளிக்கிழமை ராகு காலம் சார். இப்ப வாசல் நிலை வச்சா ஒரு பய குடிவர மாட்டான்."

"இது நிலை இல்லய்யா, பலகை!"

"கதவு இருக்குல்ல? செத்த நேரம் சுவரப் பிடிச்சுக்கங்க. டீ குடிச்சிட்டு வாரோம்."

பன்னிரண்டு மணிவரை இரண்டு கையாலும் தாங்கி நின்றேன்.

"இந்தச் செவரு வெக்கைய உள்ள விடாதாமே?" என்றார் ஒரு விவசாயி.

"விடாது" என்றேன், வியர்வையைத் துடைக்கக் கையில்லாமல்.

அவர் அண்ணாந்து பார்த்தார். கூரை இன்னும் போடவில்லை.

வீடு வேண்டுமென்பவர்கள் தபால் கார்டு போடுங்கள். நல்ல நேரத்தையும் சேர்த்து எழுதவும்.