நேர்ந்துவிட்ட கிடாவின் ரத்தம்

ஆட்டிடம் ரத்தம் எடுப்பது சுலபம். ஆட்டுக்காரரிடம் சம்மதம் வாங்குவதற்குள் நம் ரத்தம் பாதி சுண்டிவிடும். கேமரன் மலையில் ஊசியும் குப்பியுமாக அலையும் என் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

கொழுத்த தாடை

தேயிலைத் தோட்டத்துக் கடைசி லயன் வீட்டில் மாணிக்கம் அண்ணன் தனியாக இருக்கிறார். அக்கம்பக்கமெல்லாம் பூட்டு. ஒரு கிடா, ஒரு பெட்டை, இரண்டு செம்மறிகள்தான் துணை. கிடாவின் தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்கியது. கண் இமையை விலக்கிப் பார்த்தேன், வெளுத்திருந்தது. நோவு என்றேன். வந்ததே கோபம்!

"நல்லாத் தின்னு கொழுத்திருக்கு லா! நீங்கதான் ஒட்டிப் போயிட்டீங்க தம்பி."

சாமி சொத்து

ஊசியை எடுத்ததும் குறுக்கே வந்து நின்றார். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைக்க முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவாம். வேலை கிடைத்தது, மகன் போய்விட்டான், கிடா மட்டும் மிச்சம்.

"சாமிக்கு முந்தி நீங்க ரத்தம் பாக்கலாமா?"

பெட்டை கொடுத்த சாட்சி

பெட்டையை யாருக்கும் நேர்ந்துவிடவில்லை, அதனிடம் எடுத்தேன். இரண்டும் தின்பது ஒரே புல்தானே. ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் ஈரல் நொதிகள் ஏறியிருந்தன, அல்புமின் இறங்கியிருந்தது. ஈரலில் தட்டைப்புழு.

அண்ணனுக்கு விளக்கினேன். ஈரல் செய்கிற அல்புமின்தான் ரத்தத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். புழு ஈரலை அரித்தால் அது குறையும், தண்ணீர் கசிந்து தாடையில் இறங்கும். புழு வந்தது ஓடையோரப் புல்லில், அங்குள்ள நத்தையிலிருந்து. அவர் முகம் செத்துவிட்டது.

"பச்சையா இருக்கேன்னு தேடித் தேடி அறுத்தேனே! வாயில ஊத்துற மருந்து இருந்தா கொடுங்க தம்பி, சாமி ஒண்ணும் சொல்லாது."

திருவிழா

மருந்து வேலை செய்தது. தாடை வற்றி, கிடா என்னை முட்ட வந்தது. அண்ணன் மட்டும் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் திருவிழா, பூசாரி கிடாவைக் கேட்டுவிட்டாராம். மருந்து குடித்த ஆட்டின் கறியைக் கொஞ்ச நாளைக்குச் சாப்பிடக் கூடாது, இந்தத் திருவிழாவுக்கு ஆகாது என்றேன். மனிதர் எழுந்து கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பிறகு மெல்ல என் பக்கம் வந்தார்.

"தம்பி, அடுத்த திருவிழாவுக்கு முன்னாடி அந்த ஓடைப் புல்லைக் கொஞ்சம் போட்டா, மறுபடி மருந்து குடிக்கும்ல?"

திட்டத்தான் வாயெடுத்தேன், தானா ராத்தா டவுன் வாடகை அறையில் எனக்காகக் காத்திருக்கிற ஒரே ஜீவன் தண்ணீர் கெட்டில் என்பது ஞாபகம் வர, அடுத்த மாதமும் பெட்டையிடம் ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும் என்று நானும் ஒரு சாக்கைச் சொல்லிவிட்டு வந்தேன்.