லாய்டு பிக்ஸ்லரின் கட்டைவிரல்

குண்டு இல்லை என்று கொண்டுவந்தவர் அடித்துச் சொன்னாலும் லாய்டு பிக்ஸ்லர் நம்ப மாட்டார். ரிவால்வரின் சிலிண்டரைத் திறந்து, ஆறு துளைகளிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, ஒன்றிலிருந்து ஆறு வரை வாய்விட்டு எண்ணுவார். பாதிரியார் கொண்டுவந்தாலும் இதே மரியாதைதான். "சத்தியம் பண்றவன் துப்பாக்கியிலதான்யா குண்டு இருக்கும்" என்பார்.

ஓக்லஹோமாவின் மேற்குக் கோடியில், தீவனக் கடையை ஒட்டிய தகரக் கொட்டகைதான் பட்டறை. லாய்டுக்கு வயது அறுபத்தாறு. காலையில் ஒரு கோலா பாட்டிலைத் திறந்து, ஒரு பிடி உப்புக்கடலையை அதற்குள் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மதியம் வரை வேறு ஆகாரம் கிடையாது. குளிர்காலத்திலும் கையுறை போட மாட்டார். போட்டால் விரலுக்குக் காது கேட்காதாம்.

பழைய ரிவால்வர்களை வாங்கி, தேய்மானம் பார்த்து, சரிசெய்து விற்பது பிழைப்பு. ரிவால்வரின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால் சிலிண்டர் சுழன்று, அடுத்த துளை குழலுக்கு நேரே வந்து, 'டக்'கென்று பூட்டு விழ வேண்டும். லாய்டு காதோரம் வைத்து ஆறு தடவை இழுப்பார். மூன்று விநாடிகூட ஆகாது. அந்தச் சத்தத்திலேயே கோளாறைச் சொல்லிவிடுவார். தன் காது தப்பாது என்ற கர்வம் அவருக்கு உண்டு. ஊரும் அதற்குத் தூபம் போட்டு வளர்த்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை டெல்பர்ட் ஸ்டக்கி ஒரு ரிவால்வரோடு வந்தார். கோழிக்கூண்டுக்கு வரும் பாம்புகளுக்காக அக்டோபரில் லாய்டிடம் வாங்கியது. கூட வந்த மனைவி நோரீனின் வலது கண்ணுக்குக் கீழே பிளாஸ்திரி.

"சுட்டா ஈயம் தெறிக்குதுங்கறா, லாய்டு. நான் சுட்டா ஒண்ணும் ஆகல. இவ கண்ணை இறுக்க மூடிக்கிட்டு சுடறா, அதான் சங்கதி."

"மூடியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார் நோரீன்.

லாய்டு ஆறு எண்ணினார். ஆறு தடவை இழுத்தார். ஆறு 'டக்'. "பூட்டெல்லாம் சுத்தமா விழுதும்மா. துப்பாக்கி பொய் சொல்லாது."

டெல்பர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டார். நோரீன் அசையவில்லை. "நான் இழுக்கற மாதிரி நீங்க இழுக்கலையே."

சரி, அவர் ஆசையையும் கெடுப்பானேன் என்று லாய்டு சிரித்தபடி நீட்டினார். நோரீனின் விரல் மூட்டுகளெல்லாம் முடக்குவாதத்தில் வீங்கியிருந்தன. இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இழுத்தார். சுத்தியல் பின்னால் போய் நின்றது. 'டக்' வரவில்லை.

லாய்டு காத்திருந்தார். பிறகு ஒரு விரல் நுனியால் சிலிண்டரைத் தொட்டார். அது இன்னும் கொஞ்சம் உருண்டு, அதற்கப்புறம்தான் பூட்டு விழுந்தது. மீண்டும் இழுக்கச் சொன்னார். ஆறில் நான்கு துளைகள் பூட்டாமலே நின்றன.

வேகமாக இழுப்பவன் கையில் சிலிண்டர் அந்த வேகத்திலேயே ஓடிப் பூட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் மயிரிழை முன்னாலேயே நின்றுவிடும். குண்டு குழலின் விளிம்பில் உரசி, சீவிய ஈயம் பக்கவாட்டில் பறக்கும். விளக்கைப் பிடித்துப் பார்த்தார். குழலின் பின்வாயில் ஒரு பக்கம் மட்டும் ஈயம் அப்பியிருந்தது.

"கை தேஞ்சு போச்சு" என்றார்.

நோரீன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"உங்க கை இல்லம்மா. சிலிண்டரைத் தள்ளுற இரும்புத் துண்டு. அதுக்குப் பேரு கை."

"அக்டோபர்ல நீதானே பார்த்துக் கொடுத்தே?" என்றார் டெல்பர்ட்.

"நான்தான்."

மெதுவாக இழுத்துப் பார்ப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதை எந்த வருடம் கைவிட்டோம் என்று லாய்டுக்கு நினைவுக்கு வரவில்லை. பிளாஸ்திரிக்கும் கண்ணுக்கும் நடுவே இருந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கடுகு வைக்கலாம், அவ்வளவுதான். தன் மூன்று விநாடிக்கு ஒரு பெண்ணின் கண் பலியாகியிருக்கும் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை.

முதலில் தொலைபேசியை எடுத்தார். அவரிடம் ரிவால்வர் வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "சுடாதே. திருப்பிக் கொண்டு வா. இல்லப்பா, துப்பாக்கி மேல தப்பில்ல, என் மேலதான்." ஒருவர் அதைக் கேலி என்று நினைத்துச் சிரித்தார். அவரிடம் லாய்டு இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு புதிய 'கை' ஒன்றை எடுத்து, சாணைக்கல்லில் நாலு இழுப்பு, பொருத்திப் பார்த்தல், மறுபடி கல்லில் இரண்டு இழுப்பு என்று மூன்று மணிநேரம் போராடினார். முடிந்ததும் நோரீனிடம் கொடுத்தார். அவர் அதே நிதானத்தோடு இழுத்தார். ஆறும் பூட்டின.

"இப்ப 'டக்' கேட்குது" என்றார் நோரீன். "போலாமா, டெல்பர்ட்?"

லாய்டு கண்ணாடி அலமாரியைத் திறந்து, விற்பனைக்கு வைத்திருந்த பதினொரு ரிவால்வர்களையும் எடுத்து மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றிலும் விரல் விட்டு எண்ணி முடித்தார். பிறகு நோரீன் உள்ளே வர மேசையின் தடுப்புப் பலகையைத் தூக்கிப் பிடித்து, தன் முக்காலியைக் காலால் நகர்த்தி அவருக்குப் போட்டார்.

"விரல் வலிச்சா நிறுத்திக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு, முதல் ரிவால்வரை அவர் கையில் வைத்து, குனிந்து காதைக் கொடுத்தார்.